கடைக்குக் கூட்டிப் போறதுக்கு முன்னாடி: பிள்ளைங்களும் வாரச் சமையல் கணக்கும்

வத்தக்குழம்பு | 7 ஜூன் 2025, காலை 10.05

நாலு பேர் வீடு. பொண்ணுக்கு 9, பையனுக்கு 5. பள்ளிக்கூடம் திறந்தாச்சு, டிபன் பாக்ஸ் தலைவலியும் திறந்தாச்சு. "என்ன சமைக்கறதுன்னு பிள்ளைங்களையும் கேளுங்க, கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, தானா சாப்பிடுவாங்க"ன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க. கேட்டா ஏழு நாளும் பூரி, நூடுல்ஸ். கடைக்குப் போனா பில் போடுற இடத்துல ரகளை. இது நடைமுறைக்கு ஒத்து வருமா, வெறும் பேச்சா?

அஞ்சறைப்பெட்டி | 7 ஜூன், பகல் 11.40

"என்ன வேணும்?"னு கேட்டா பூரின்னுதான் பதில் வரும். கேள்வியில இருக்கு கோளாறு. அதோட கடை கடைசிப் படி. நீங்க கடைசிப் படியில ஏறப் பாக்கறீங்க. ஆரம்பிக்க வேண்டிய இடம் அடுக்களை அலமாரி.

பருப்பு டப்பாவுல இருந்து தொடங்குங்க. துவரம் பருப்பு ஒரு ஆழாக்கு ஏறத்தாழ 140 கிராம். நாலு பேர் சாம்பாருக்கு அது சரியா இருக்கும். ஆக ஒரு கிலோவுல ஏழு சாம்பார். ரசத்துக்கும் கூட்டுக்கும் கை வைக்கிறதால ஆறுன்னு வச்சுக்கங்க. டப்பாவுல ரெண்டு ஆழாக்கு கொட்டி, அந்த மட்டத்துக்கு வெளியில ஒரு டேப் ஒட்டுங்க. பருப்பு டேப்புக்குக் கீழ போனா பொண்ணு லிஸ்ட்ல எழுதணும், அவ்வளவுதான் வேலை. எவர்சில்வர் டப்பான்னா உள்ளே தெரியாது. காஞ்ச மர ஸ்கேலை உள்ளே நிறுத்தி எடுத்துப் பாக்கட்டும். ஈரக் கையை விட்டா வண்டு வரும், அதை முதல்லயே சொல்லி வைங்க.

டேப் ஒட்ட வேண்டியது எல்லாத்துக்கும் இல்ல. துவரை, உளுந்து, இட்லி அரிசி, எண்ணெய், புளி, இந்த அஞ்சு போதும். கடுகு, சீரகம், வெந்தயம் மாசத்துக்கு ஒரு தடவை பாத்தா சரி.

5 வயசுக்காரனுக்கு எழுத்து வேண்டாம். வெங்காயக் கூடை, பூண்டு, தேங்காய், முட்டை: எண்ணிச் சொல்லட்டும். "முட்டை 3, தேங்காய் அரை மூடி." அவன் சொன்னதை நீங்க அவன் கண் முன்னால எழுதணும். எழுதாம விட்டா அடுத்த வாரம் எண்ண வர மாட்டான்.

அடுத்து மெனு. எலும்புக்கூட்டை நீங்க போடுங்க, சதை அவங்க போடட்டும். திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு, புதன் கீரை, வியாழன் மோர்க்குழம்பு, வெள்ளி பருப்பு ரசம்னு குழம்பு உங்க பொறுப்பு. தொட்டுக்க என்னன்னு மட்டும் கேளுங்க, அதுவும் "பீன்ஸா, கோஸா?"னு ரெண்டுல ஒண்ணு. மூணாவது பேர் சொல்லாதீங்க.

மாவாட்டி | 7 ஜூன், மாலை 4.20

மேலே சொன்னது மதியச் சாப்பாட்டுக்குப் பொருந்தும். காலை, ராத்திரிப் பலகாரத்தை நிர்ணயிக்கறது யார்? மாவு. மாவுக் கணக்கைப் பிள்ளைக்குக் காட்டாம மெனு கேட்டா அது ஆசைப் பட்டியலாத்தான் இருக்கும்.

4 ஆழாக்கு இட்லி அரிசி, 1 ஆழாக்கு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். இதுல 35 முதல் 40 இட்லி வரை வார்க்கலாம். நாலு பேருக்கு ஒரு வேளைக்கு 14 இட்லின்னு வைங்க. ஒரு வேளை இட்லி போக, மிச்சம் ரெண்டு வேளை தோசை. ஞாயிறு மதியம் ஊறப்போட்டு சாயந்தரம் அரைச்சா:

திங்கள் காலை இட்லி. செவ்வாய் தோசை. புதன் ராத்திரி புளிச்சிருக்கும், வெங்காய ஊத்தப்பம் இல்லன்னா பணியாரம். வியாழன், வெள்ளி, சனி மாவு கிடையாது.

இந்த மூணு நாள் காலி இடத்தை ஒரு காகிதத்துல கட்டம் போட்டுக் குடுங்க. பூரி அங்கதான் வரும். ஏழு பூரி தானாவே ஒரு பூரியாகும், ஏன்னா மத்த ரெண்டு கட்டத்துல பொங்கலோ அடையோ சப்பாத்தியோ போட்டாகணும்னு விதி. "வேண்டாம்"னு நீங்க சொல்லவே வேண்டியதில்ல.

கையோட பூரிக்குச் சாமானையும் அவளே எழுதட்டும்: கால் கிலோ கோதுமை மாவுல 15, 16 பூரி. மசாலுக்கு உருளை அரைக் கிலோ, பெரிய வெங்காயம் 2, பச்சை மிளகாய் 3. பேர் மட்டும் எழுதினா அது மெனு இல்ல. பேருக்கு எதிர்ல சாமான் வந்தாத்தான் லிஸ்ட்டுக்குப் போகும்.

பொண்ணு கைக்கு ஒரு வேலை: ராத்திரி மாவுப் பாத்திரத்துல மட்டத்துக்கு நேரா வெளியில சாக்பீஸ் கோடு போட்டுட்டுக் காலைல எவ்வளவு ஏறியிருக்குன்னு பாக்கறது. பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. இந்த வெயில்ல 7, 8 மணி நேரத்துல பொங்கி வழிஞ்சிடும். மார்கழியில 12 மணி நேரம் ஆனாலும் சில நாள் அசையாது, அப்ப திங்கள் மெனு மாறும். அரைச்சப்பவே உளுந்து பொங்கி வரலைன்னா பருப்பு பழசு. அடுத்த லிஸ்ட்ல "புது உளுந்து"ன்னு அடிக்கோடு.

கொசுறு | 7 ஜூன், இரவு 9.02

ரெண்டு பேரும் காய் வாங்கறதுக்கு முன்னாடியே மெனு போட்டாச்சு. பீன்ஸ்னு எழுதிட்டுச் சந்தைக்குப் போனா அன்னிக்குப் பாத்து பீன்ஸ் யானை விலை இருக்கும். பிள்ளை "லிஸ்ட்ல இருக்கே"ன்னு அழும். காய்கறிக்குப் பேர் எழுதாதீங்க, வகை எழுதுங்க.

கீரை 2. நீர்க்காய் 1 (சுரை, பீர்க்கு, புடலை, பூசணி எதுவும்). அவரை வகை 1 (அவரை, பீன்ஸ், கொத்தவரை). கிழங்கு 1. நாட்டுக்காய் 2 (கத்தரி, வெண்டை, முருங்கை). இப்படி ஏழு கட்டம். எந்தக் கட்டத்துல எதைப் போடறதுன்னு சந்தை வாசல்ல நின்னு பொண்ணு முடிவு பண்ணட்டும்.

உழவர் சந்தைதான் இதுக்குப் பள்ளிக்கூடம். 1999ல மதுரை அண்ணா நகர்ல முதல்ல வந்தது. அன்னன்னிக்கு விலையைப் பலகையில எழுதிப் போட்டுடுவாங்க. உள்ளே போறதுக்கு முன்னாடி பலகையில இருந்து அஞ்சு காய் விலையை மட்டும் குறிச்சுக்கச் சொல்லுங்க. அப்புறம் நடங்க. காலைல 7 மணிக்கு முன்னாடி போனா நல்ல காய், பத்து மணிக்குப் போனா கழிச்சுப்போட்ட காய்.

கொசுறு கேக்கறதும் பிள்ளை வேலை. கறிவேப்பிலை, கொத்தமல்லி ரெண்டு தண்டு. பெரியவங்க கேட்டா முறைப்பாங்க, பிள்ளை கேட்டா ஒரு பச்சை மிளகாயும் சேந்து வரும். (கறிவேப்பிலை விலை ஏறின நாள்ல மட்டும் கேக்க விடாதீங்க. வாங்கிக் கட்டிக்கும்.)

தராசுத்தட்டு | 8 ஜூன், காலை 8.15

மின்னணுத் தராசில் காயை வைப்பதற்கு முன் திரையில் சைபர் இருக்கிறதா என்று பார்ப்பதை ஐந்து வயதுப் பையனிடம் கொடுங்கள். அவன் கண் மட்டத்தில்தான் திரை இருக்கும். "சைபர்" என்று அவன் சத்தமாகச் சொன்ன பிறகே காய் ஏற வேண்டும். தட்டோ கூடையோ வைத்து நிறுத்தால், காலிக் கூடை ஏறியதும் சைபராக்கச் சொல்ல வேண்டும். தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட வேண்டும். அந்த முத்திரை எங்கே இருக்கிறது என்று தேடுவது பெண்ணுக்கு.

மனக்கணக்கு: கால் கிலோ விலை என்பது பாதியின் பாதி. முக்கால் கிலோவில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கிலோ 40 என்றால் அரை 20, கால் 10, கூட்டினால் 30. நான்கால் வகுத்து மூன்றால் பெருக்கச் சொல்லாதீர்கள், சந்தை நெரிசலில் அது வராது.

பொட்டலச் சாமான் தனிக் கதை, இரவு எழுதுகிறேன்.

வத்தக்குழம்பு | 8 ஜூன், பகல் 1.30

காய் பொறுக்கறது எப்படின்னு யாராவது சொல்லுங்க. பொண்ணு எல்லாத்தையும் அமுக்கிப் பாக்கறா, கடைக்காரர் கத்துறார்.

கொசுறு | 8 ஜூன், பகல் 2.10

கத்துறது நியாயம்தான். தக்காளியை அமுக்கினா அது அடுத்தவங்க தலையில விடியும். கைக்கு முன்னாடி கண்ணைப் பழக்குங்க.

கத்தரி: காம்பு பச்சையா, தோல் பளபளன்னு, ஓட்டை இல்லாம. ஒரே அளவு ரெண்டை ரெண்டு கையில தூக்கினா லேசா இருக்கறதை எடுக்கணும். கனமா இருந்தா விதை முத்தினது. 
வெண்டை: நுனியை உடைச்சுப் பாக்கறது வழக்கம், ஆனா உடைச்சதை வாங்கிக்கணும். ஒண்ணு உடைச்சுப் பாத்துட்டு மிச்சத்தை விரல் நீளத்துக்குள்ள இருக்கறதாப் பொறுக்கட்டும். 
முருங்கை: ரெண்டு முனையையும் பிடிச்சு லேசா முறுக்கினா வளைஞ்சு குடுக்கணும். விறைப்பா நின்னா நார்தான். 
வெங்காயம்: கழுத்து காஞ்சு ஒட்டியிருக்கணும், தோலுக்கடியில கறுப்புப் பொடி இருந்தா வேண்டாம். 
உருளை: பச்சை படிஞ்சது, முளை விட்டது ரெண்டும் கழிவு. 
தேங்காய்: காதுகிட்ட ஆட்டினா தண்ணி சத்தம் கேக்கணும், கண்ணுல ஈரமோ பூஞ்சையோ இருக்கக் கூடாது. சின்னவனுக்கு இந்த வேலை குடுங்க, அவன் விடவே மாட்டான். 
தக்காளி: ரசத்துக்கு நாட்டுத் தக்காளி, ரெண்டு மூணு நாள்ல தீர்க்கணும். பெங்களூர்த் தக்காளி ஒரு வாரம் கிடக்கும், புளிப்பு கம்மி. ரெண்டையும் கலந்து பாதிப் பாதி.

அப்புறம் "மூணு கிலோ நூறு ரூபா" வண்டி. கிலோ 36க்கு எதிர்ல 33 சொச்சம், லாபம் மாதிரித் தெரியும். நாலு பேருக்கு வாரத்துக்குத் தக்காளி ஒண்ணரைக் கிலோ போதும். மிச்சம் ஒண்ணரை அழுகினா, 54 ரூபாய்ச் சாமானுக்கு 100 குடுத்திருக்கோம். இந்தக் கணக்கை வண்டி முன்னாடி நின்னே போடச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்து சொன்னா ஏறாது.

தராசுத்தட்டு | 8 ஜூன், இரவு 8.40

பொட்டலங்களில் அதிகபட்ச சில்லறை விலையோடு அலகு விலையும் இப்போது அச்சாகிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு இவ்வளவு என்றும், கிலோவுக்கு மேற்பட்டதில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் இருக்கும். அரைக் கிலோ ஆட்டாவில் "0.06", ஐந்து கிலோ ஆட்டாவில் "52" என்று பார்த்தால் எதை எதனோடு ஒப்பிடுவது? புள்ளியை மூன்று இடம் வலப்பக்கம் நகர்த்தினால் கிராம் விலை கிலோ விலையாகும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது வரும்.

ஒரு பொறி இருக்கிறது. இந்த விலையை இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிப் போடுகிறார்கள். அரைக் கிலோ துவரம் பருப்பு ஒன்று 92 ரூபாய், இன்னொன்று 88 என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதலாவது கிராமுக்கு 0.184, இரண்டாவது 0.176. இரண்டிலும் அச்சாவது 0.18. கிலோவுக்கு 8 ரூபாய் வித்தியாசம் அச்சில் காணாமல் போய்விடும். அதனால் சிறு பொட்டலங்களுக்கு அச்சை நம்பாமல் 100 கிராம் விலையைப் பிள்ளையே போடட்டும்: 18.40, 17.60.

எண்ணெயில் கிராமும் மில்லிலிட்டரும் குழப்பும். சமையல் எண்ணெய் ஒரு லிட்டர் ஏறத்தாழ 910 கிராம். பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்கும் பைகளில் ஒன்று ஒரு லிட்டராகவும் இன்னொன்று 850 கிராமாகவும் இருக்கலாம். பை உயரத்தைப் பார்க்காமல் நிகர எடையைப் படிக்கப் பழக்குங்கள்.

பால், தயிர், பிரெட்: முன் வரிசையில் இருப்பது பெரும்பாலும் பழையது. தேதியைப் பார்த்துப் பின்னால் இருப்பதை எடுப்பது பையன் கைக்கு எட்டாது, பெண் செய்யலாம். ஆவின் என்றால் நிறம் போதும்: நீலம் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு 6 சதவீதம். தயிர் உறைய எது, காபிக்கு எது என்று வீட்டில் பேசி முடிவு செய்து லிஸ்ட்டில் நிறத்தை எழுதினால் போதும்.

அஞ்சறைப்பெட்டி | 9 ஜூன், காலை 6.50

கொசுறு சொன்ன "வகை எழுது" யோசனையை ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். சரிதான், நான் சொன்ன "பீன்ஸா கோஸா" வீட்டுல கேக்கக் கூடாது, சந்தையில கேக்கணும். ஆனா ஒரு குறை இருக்கு. வகைப்படி வாங்கிட்டு வந்தா எது என்னிக்குன்னு தெரியாம, கீரை வாடின பிறகு கோஸை வெட்டிட்டு இருப்போம்.

அதனால வாங்கிட்டு வந்த உடனே கூடத்துல பழைய பேப்பரை விரிச்சு மூணு குவியல் போடச் சொல்லுங்க.

முதல் குவியல், ரெண்டு நாளுக்குள்ள: கீரை, வாழைப்பூ, காளான். ரெண்டாவது, நாலு நாளுக்குள்ள: வெண்டை, கத்தரி, பீர்க்கு, கொத்தவரை, பாகல். மூணாவது, வாரக் கடைசி: கோஸ், கேரட், பீட்ரூட், உருளை, சேனை, முழுப் பரங்கி.

குவியல் போட்ட பிறகு காயைக் கட்டத்துல நிரப்பினா மெனு முடிஞ்சது. அதாவது குழம்பும் பலகாரமும் சந்தைக்கு முன்னாடி, காய் சந்தைக்குப் பின்னாடி.

அளவும் சொல்லிடறேன், பலர் கூடுதலா வாங்கித்தான் வீணாக்கறாங்க. நாலு பேருக்கு ஒரு வேளை: சாம்பார்க் காய் கால் கிலோ, பொரியல் காய் 400 கிராம், கீரைன்னா ரெண்டு கட்டு, ஏன்னா வெந்தா கைப்பிடிதான். பச்சைப் பட்டாணி உரிச்சா பாதிக்கும் குறைவாத்தான் நிக்கும், அரைக் கிலோ பட்டாணி வேணும்னா ஒரு கிலோவுக்கு மேல காயா வாங்கணும். 2024ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி 2000 கலோரிச் சாப்பாட்டுக்குக் கீரையும் சேத்து ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்னு சொல்லுது. மேலே சொன்ன அளவு ஒரு வேளைக்குத்தான், ராத்திரிக்கும் ஏதாவது காய் சேர்த்தாத்தான் பக்கத்துல வரும்.

மாவாட்டி | 9 ஜூன், காலை 7.30

பெருங்காயம் லிஸ்ட்ல வராது. எந்த வீட்டு லிஸ்ட்லயும் வராது. டப்பா ஆட்டினா சத்தம் வரும்ங்கிற நம்பிக்கையிலேயே தீந்திடும்.

வத்தக்குழம்பு | 11 ஜூன், இரவு 10.15

பருப்பு டேப்பு நல்லா வேலை செய்யுது. மாவுக் கட்டமும் சரி. பில் கவுண்டர் ரகளைக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல.

கொசுறு | 11 ஜூன், இரவு 10.40

சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க, அதுல பாதி தீரும். பசியோட போன பிள்ளைக்கு எல்லாப் பாக்கெட்டும் சோறாத்தான் தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல கடைக்குள்ள நிக்காதீங்க. வரிசையில ஒருத்தர் நிக்கட்டும், இன்னொருத்தர் பிள்ளைங்களோட வாசல்ல. மிட்டாய் எல்லாம் வரிசை நிக்கற இடத்துல, சரியா 5 வயசு உயரத்துக்கு அடுக்கியிருக்கு, அது தற்செயல்னு நினைக்கறீங்களா?

அஞ்சறைப்பெட்டி | 12 ஜூன், காலை 6.30

லிஸ்ட்டுல அவங்களுக்குன்னு ஒரு வரி விடுங்க. "எனக்கு: 20 ரூபாய்." வீட்டுலயே அந்த வரி இருந்தா கடையில கெஞ்சல் குறையும். 20க்கு மேல போனா அடுத்த வாரம்.

தராசுத்தட்டு | 12 ஜூன், காலை 9.05

அந்த 20 ரூபாயில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: வாங்குமுன் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். சேர்மானங்கள் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்கும். சர்க்கரை எத்தனையாவது இடத்தில்? ஊட்டச்சத்து அட்டவணை பெரும்பாலும் 100 கிராமுக்கு இருக்கும், பொட்டலமோ 60 கிராம். நூற்றுக்கு 25 கிராம் சர்க்கரை என்றால் அந்தப் பொட்டலத்தில் 15 கிராம், அதாவது மூன்றிலிருந்து நான்கு டீஸ்பூன். வீட்டுக்கு வந்ததும் அந்த அளவு சர்க்கரையை ஒரு தட்டில் கொட்டிக் காட்டினால் போதும், பேச்சு தேவையில்லை. படித்த பிறகும் வேண்டும் என்றால் வாங்கிக்கொள்ளட்டும், வரியை நீங்கள்தானே கொடுத்தீர்கள்.

பணத்தை ரொக்கமாகக் கொடுங்கள். போனில் ஸ்கேன் செய்தால் 20 போனதும் 2000 போனதும் பிள்ளைக்கு ஒரே "டிங்".

கொசுறு | 12 ஜூன், காலை 9.20

சர்க்கரையைத் தட்டுல கொட்டிக் காட்டினா சின்னவன் நக்கிடுவான் சார்.

நெத்திலி | 13 ஜூன், மாலை 6.00

எல்லாரும் காய்கறியிலேயே நிக்கறீங்க. ஞாயிறு மீன் வாங்கறவங்க பிள்ளைகளுக்கு நாள்காட்டியைச் சொல்லிக் குடுக்கணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, நாளையோட முடியுது. இந்த ரெண்டு மாசம் வஞ்சிரம்னு லிஸ்ட்ல எழுதினா வர்றது ஐஸ்ல கிடந்ததா இருக்கும், இல்லன்னா அந்தக் கரையில இருந்து வந்ததா இருக்கும், விலையும் கைக்கு எட்டாது. படகு போய்த் திரும்பற வரைக்கும் பொறுங்க.

மீன்ல பிள்ளைக்கு மூணு பார்வை: கண்ணு தெளிவா வெளியில தள்ளி நிக்குதா, குழி விழுந்திருக்கா? செவுளை விக்கறவங்களே தூக்கிக் காட்டுவாங்க, சிவப்பா இருக்கணும், பழுப்போ வெளுப்போ வேண்டாம். விரலால அமுக்கினா பள்ளம் உடனே எழும்பணும். பிள்ளை கையை செவுளுக்குள்ள விட விடாதீங்க, முள்ளு குத்தும். அரிவாள்மணைப் பக்கமும் நிக்க விடாதீங்க, செதில் தெறிக்கும்.

சங்கரா ஒரு கிலோ வாங்கினா தலை, குடல், செதில் போக 600, 650 கிராம்தான் சட்டிக்கு வரும். நாலு பேர் குழம்புக்கு அது சரியா இருக்கும். வறுவலும் வேணும்னா தனியா வாங்கணும்.

அஞ்சறைப்பெட்டி | 13 ஜூன், இரவு 7.25

தடைக்காலத்துல மீனே வாங்கக் கூடாதோன்னு படிக்கறவங்க நினைச்சுடப் போறாங்க. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு போகும், மத்தி, நெத்திலி கிடைக்கும். குமரி மாவட்டத்து மேற்குக் கரையில தடை ஜூன், ஜூலைன்னு வேற தேதி.

நெத்திலி | 13 ஜூன், இரவு 7.40

ஆமா, அதுதான் "அந்தக் கரை"ன்னு மேலே பொதுவா எழுதினேன். கிழக்கே தடைன்னா மேற்கே இருந்து வரும், மேற்கே தடைன்னா கிழக்கே இருந்து போகும். நெத்திலி எப்பவும் கிடைக்கும், பேர் வச்சவனுக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு மாசம் புரட்டாசி. கறி, மீன் விலை இறங்கும், காய் விலை ஏறும். ஐப்பசி மழையில தக்காளியும் கீரையும் தாறுமாறா இருக்கும். தை பிறக்கறப்ப பச்சை மொச்சை, சர்க்கரைவள்ளி, கரும்பு. முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் வாழையிலைகிட்டயே போகாதீங்க. தினக்காலண்டர்லயே முகூர்த்தம் போட்டிருக்கும், அதைப் பாத்துச் சொல்றது பொண்ணு வேலையா இருக்கட்டும்.

வத்தக்குழம்பு | 16 ஜூன், பகல் 12.10

அஞ்சு வயசுக்கு வேற என்ன வேலை? எண்ணி முடிச்சுட்டு அடுப்புகிட்ட வந்து நிக்கறான்.

மாவாட்டி | 16 ஜூன், பகல் 12.55

அடுப்புல இருந்து ரெண்டு எட்டு தள்ளி ஒரு பாயைப் போடுங்க. அங்கதான் அவன் இடம்.

பட்டாணி உரிக்கறது, பீன்ஸ் முனை கிள்ளறது, புளியில கொட்டை பொறுக்கறது. சின்ன வெங்காயம்னா பத்து நிமிஷம் தண்ணியில ஊறப்போட்டுக் குடுத்தா தோல் தானா வரும், கண்ணும் எரியாது. பூண்டைப் பல்லு பல்லா உதிர்த்துத் தரட்டும்.

பச்சை மிளகாய்க் காம்பு கிள்ள மட்டும் குடுக்காதீங்க. கை போன இடமெல்லாம் எரியும், கடைசியில கண்ணுக்குப் போகும். காஞ்ச மிளகாயும் அப்படித்தான். சேனை, சேப்பங்கிழங்கு தோலும் வேண்டாம், அரிக்கும்.

முருங்கைக்கீரை உருவ அவனை உக்கார வச்சா ராத்திரி ஆயிடும். ஈர்க்கோட துணியில சுத்தி ராத்திரி வச்சுடுங்க. காலைல உதறினா இலை தானா கொட்டும், உதறறது அவன் வேலை. பொறுக்கறது உங்க வேலைன்னு முன்கூட்டியே சொல்லிடறேன்.

கொசுறு | 16 ஜூன், பகல் 1.05

9 வயசுக்குக் கத்தி?

மாவாட்டி | 16 ஜூன், பகல் 1.20

குடுக்கலாம், எதை வெட்டறதுன்னு பாத்து. வெண்டை, பீன்ஸ், வாழைப்பழம், பனீர். உருண்டைக் காயை நீங்க ரெண்டாப் பிளந்து தட்டைப் பக்கம் கீழே இருக்கற மாதிரி வச்சுக் குடுங்க, உருளாது. பரங்கி, சேனை, கேரட் வேண்டாம். மொட்டைக் கத்தியைவிடக் கூர்மையான சின்னக் கத்தி நல்லது, மொட்டையானதை அழுத்தும்போதுதான் வழுக்கும். அரிவாள்மணை வேண்டவே வேண்டாம்.

அஞ்சறைப்பெட்டி | 18 ஜூன், காலை 7.00

டிபன் பாக்ஸ் பத்தி முதல் கேள்வியிலேயே இருந்துச்சு, விட்டுட்டோம். பொண்ணுகிட்ட "என்ன வேணும்" கேக்கறதுக்குப் பதிலா ரெண்டு கேள்வி கேளுங்க: மூடியைத் திறந்து சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரம் குடுக்கறாங்க? நேத்து எது திரும்பி வந்துச்சு? திரும்பி வந்ததை எழுதி வைங்க. கத்தரிக்காய் திரும்பிச்சுன்னா கத்தரிக்காய் பிடிக்கலைன்னு அர்த்தம் இல்ல. கையில ஒழுகுது, ஆறினா கொழகொழன்னு இருக்குன்னு இருக்கலாம். அதே கத்தரி எண்ணெயில சுருள வதக்கிப் போனா காலியா வரும். மதியத்துக்குக் கீரைக்கூட்டு, தேங்காய் அரைச்ச குழம்பு இந்த வெயில்ல வேண்டாம், ஊசிப்போகும். பீன்ஸ், கேரட், உருளை, வாழைக்காய் மாதிரி உலர்ந்த பொரியல் கட்டத்தை அவ நிரப்பட்டும்.

பிள்ளை அரசுப் பள்ளியில காலை உணவும் மதிய உணவும் சாப்பிடுதுன்னா அந்த வார அட்டவணையையும் கட்டத்துக்கு மேலயே எழுதிக்கங்க. அங்க காலைல உப்புமான்னா ராத்திரி வீட்டுல உப்புமா போட்டு வெறுப்பைச் சம்பாதிக்க வேண்டியதில்ல. மதியம் முட்டை அங்கயே கிடைச்சுடும், வீட்டு முட்டைக் கணக்குல அதைக் கழிச்சுக்கலாம்.

இன்னொண்ணு. தானா பொறுக்கின காயைத் தானா சாப்பிடுவாங்கன்னு யாரோ சொன்னாங்கன்னீங்களே, அதை முழுசா நம்பாதீங்க. பொறுக்கினா தட்டுல வைக்கச் சம்மதிப்பாங்க, அவ்வளவுதான் உத்தரவாதம். புதுக் காய் ஒண்ணு நாக்குக்குப் பழகப் பத்துத் தடவைக்கு மேலகூட ஆகலாம். "நீதானே வாங்கின, தின்னு"ன்னு ஒரு தடவை சொன்னா அடுத்த வாரம் அவ உருளைக்கிழங்கைத் தவிர எதையும் தொட மாட்டா.

தராசுத்தட்டு | 18 ஜூன், இரவு 9.10

மாத மளிகை லிஸ்ட் எழுதும் முன் ரேஷனைக் கழிக்கவும். துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். அஞ்சறைப்பெட்டியின் கணக்குப்படி அந்த ஒரு கிலோவே ஆறு சாம்பார். மளிகையில் வாங்கிய பிறகு ரேஷன் வந்தால் பருப்பு சேர்ந்து வண்டு பிடிக்கும். பெண்ணிடம் இரண்டு பத்தி போட்டுக் கொடுங்கள்: "ரேஷன்", "கடை". ரேஷன் பத்தியில் வந்ததை அடித்த பிறகுதான் கடைப் பத்தி.

வத்தக்குழம்பு | 21 ஜூன், மாலை 5.45

சனிக்கிழமை சாயந்தரம் கூடையில மிச்சம்: ஒரு கேரட், அரை முருங்கை, நாலு அவரை, ஒரு கத்தரி, பாதி உருளை, ஒரு சின்ன பீட்ரூட், ரெண்டு பாகற்காய். பொண்ணு "இதுல நான் ஏதாவது போடறேன்"ங்கறா. என்ன சொல்ல?

மாவாட்டி | 21 ஜூன், மாலை 6.05

கூட்டாஞ்சோறு. திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைங்க கூடிச் செஞ்சு சாப்பிடற சோறுதான் அது. 2 ஆழாக்கு அரிசி, அரை ஆழாக்கு துவரம் பருப்பு, காய் எல்லாம் சேத்து அரைக் கிலோ, நெல்லிக்காய் அளவு புளி, 8 ஆழாக்கு தண்ணி. தேங்காய் கால் மூடி, சீரகம் 1 டீஸ்பூன், சின்ன வெங்காயம் 6, காஞ்ச மிளகாய் 4 அரைச்சுப் போடணும். ஒரு பிடி முருங்கைக்கீரை கிடைச்சா நல்லது. குக்கர்ல நாலு விசில். அரைக்கறதும் குக்கரும் நீங்க, மத்ததெல்லாம் அவ. மேலே வெங்காய வடகம் தாளிச்சுக் கொட்டுங்க.

கொசுறு | 21 ஜூன், மாலை 6.08

பீட்ரூட் போடாதீங்க, சோறே ரத்தமாயிடும்.

மாவாட்டி | 21 ஜூன், மாலை 6.12

பாகற்காயும். அதை வட்டமா நறுக்கி உப்பு, மஞ்சள் பிசிறி 20 நிமிஷம் வச்சுப் பிழிஞ்சு, தனியா வறுத்துத் தொட்டுக்க வைங்க. பீட்ரூட் திங்கக்கிழமைக் கட்டத்துக்கு.